அலகுமலையில் பழகு, ஆல்ப்ஸில் ஓடு

திருப்பூரை அடுத்த பொங்கலூர் வட்டாரத்தில் மலை என்றால் அலகுமலைதான். காற்றாலை, கோழிப்பண்ணை, தென்னந்தோப்பு, சின்ன வெங்காயக் காடு என்று கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டையாகக் கிடக்கும் பூமியில், முருகன் கோயிலோடு நிற்கும் ஒரு குன்று. தை பிறந்தால் ஜல்லிக்கட்டுக்குக் கூட்டம் கூடும். கிருத்திகை, சஷ்டிக்குப் படி ஏறுவார்கள். மற்ற நாளில் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. மலை என்று நாம் மரியாதைக்குச் சொல்கிறோம். நீலகிரிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

இந்தத் தட்டை பூமியில் இருப்பவர்களுக்குத்தான் இப்போது மலையில் ஓடும் ஆசை வந்திருக்கிறது. அதுவும் வெளிநாட்டு மலையில்.

கொங்கு மண்டலத்தில் ஓட்டம் ஒரு பழக்கமாக ஊன்றியது கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். 2013-இல் கோவை புற்றுநோய் அறக்கட்டளைக்காகத் தொடங்கிய கோவை மாரத்தான் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அதுவரை விடியற்காலையில் டிரவுசர் போட்டு ரோட்டில் ஓடினால், ‘போலீஸ் வேலைக்கா தம்பி?’ என்று கேட்ட ஊர் இது. இன்று பல்லடம் ரோட்டிலும் காங்கயம் ரோட்டிலும் ஐந்து மணிக்கே வாட்ஸ்அப் குழு சகிதம் ஆட்கள் ஓடுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டி ஓடத் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை முடித்து, வெளிநாடுகளிலும் ஓடி, ‘ஓடலாம் வாங்க’ என்று புத்தகமும் எழுதிய மா. சுப்பிரமணியன் 2021-இல் சுகாதாரத் துறை அமைச்சரானபோது, நடுத்தர வயதுக்காரர்கள் ஓடுவதைப் பற்றிய கேலியும் தமிழ்நாட்டில் பாதி அடங்கியது.

பத்து கிலோமீட்டர், அரை மாரத்தான், பிறகு 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான். அதற்கு மேல் என்ன என்ற கேள்வி வரும்போது கண் மலைப்பக்கம் திரும்புகிறது. ஐரோப்பாவுக்குப் பையரைப் பார்க்கப் போகும் பனியன் கம்பெனிக்காரர்கள், மெர்ச்சண்டைசர்கள், டாக்டர்கள், ஆடிட்டர்கள் எனப் பணமும் பாஸ்போர்ட்டும் உள்ளவர்களின் ஆசை இது. பொங்கலூரிலிருந்து கம்பெனி வண்டி ஏறி, ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு வீடு சேரும் டெய்லருக்கு இதெல்லாம் வேறு உலகம். அதை மறைத்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. ஆனால் அந்த டெய்லரின் கைக்கும் அந்த மலைக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம்.

மலை மாரத்தான் என்றதும் உலகமெங்கும் ஓடுபவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் ஒன்று ஜுங்ஃப்ராவ். சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், 1993 முதல் நடக்கும் ஓட்டம். துன், பிரியென்ஸ் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவில் இருக்கும் இன்டர்லாக்கன் ஊரில் தொடக்கம். இந்தி சினிமாக்காரர்கள் பாட்டு எடுத்தே தேய்த்த ஊர். அதற்கு நன்றியாக இயக்குநர் யஷ் சோப்ராவுக்கு அங்கே சிலையே வைத்திருக்கிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை காலை, சுமார் 4,000 பேர் அங்கிருந்து கிளம்புகிறார்கள்.

முதல் பாதி ஏமாற்றும். ஏரிக்கரை, மரவீடுகள், ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டிகள், பெரிதாக மேடே இல்லாத பாதை. ரோட்டோரம் நிற்பவர்கள் மாட்டு மணியை ஆட்டி, ‘ஹோப், ஹோப்’ என்று கத்துவார்கள். அந்த உற்சாகத்தில் வேகமாக ஓடிவிட்டவர்கள் லவுட்டர்புருன்னன் பள்ளத்தாக்குக்குள் நுழையும்போது கணக்குத் தப்பிவிட்டதை உணர்வார்கள். இருபுறமும் செங்குத்துப் பாறை. ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து ஸ்டாபாக் அருவி விழுகிறது. பள்ளத்தாக்கைச் சுற்றிவிட்டு 25-ஆவது கிலோமீட்டர் வாக்கில் பாதை சட்டென்று மேலே திரும்புகிறது. அங்கிருந்து வெங்கன் கிராமம் வரை கொண்டை ஊசி வளைவுகள். ஐந்து கிலோமீட்டர்போல் உள்ள அந்தத் துண்டில் மட்டும் ஏறத்தாழ 475 மீட்டர் ஏற்றம். அங்கே ஓடுகிறவர்கள் குறைவு; கையைத் தொடையில் ஊன்றி, குனிந்து, வரிசையாக நடக்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. மலை ஓட்டத்தில் நடப்பதும் ஓர் உத்தி.

வெங்கனில் கார் கிடையாது. பல்சக்கர ரயிலில்தான் ஊருக்குள் போக முடியும். அதைத் தாண்டினால் புல்வெளி, பிறகு பனியாறு ஒதுக்கிவிட்டுப் போன கல்லும் மண்ணும் சேர்ந்த குறுகலான மேடு. ஒற்றையடிப் பாதை. முன்னால் போகிறவரின் குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஏற வேண்டும். தலையை நிமிர்த்தினால் ஐகர், முன்ஷ், ஜுங்ஃப்ராவ் என மூன்று பனிச் சிகரங்கள் நேர் எதிரே. ஜுங்ஃப்ராவின் உயரம் 4,158 மீட்டர். அந்த மேட்டில் ஒருவர் நின்று பேக்பைப் வாசிப்பது இந்த ஓட்டத்தின் மரபு. நாற்பதாவது கிலோமீட்டரில் காதில் விழும் அந்தச் சத்தத்தில் அழுதுவிட்டதாக எழுதாத ஓட்டக்காரர் குறைவு. நீண்ட காலம் 2,061 மீட்டர் உயரத்தில் உள்ள கிளைனே ஷைடெக்கில் முடிந்த ஓட்டம், சமீப ஆண்டுகளில் இன்னும் மேலே, 2,320 மீட்டர் உயர ஐகர்கிளெட்ஷர் ரயில் நிலையம் வரை போகிறது. 565 மீட்டரில் தொடங்கியவர்கள் மொத்தமாக ஏறுவது 1,900 மீட்டருக்கும் மேல்.

இந்த எண்களைப் படித்ததும் மிரளுகிறவர்கள் ஒரு நிமிடம் நம்மூர் ரயிலை நினைத்துப் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். ஊட்டி ரயில் நிலையம் சுமார் 2,200 மீட்டர். இரண்டுக்கும் இடையே தண்டவாளத்தின் நீளம் 46 கிலோமீட்டர். தூரத்திலும் ஏற்றத்திலும் ஜுங்ஃப்ராவ் மாரத்தான் என்பது ஏறத்தாழ மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஓடுவதுதான்! பொருத்தம் இதோடு நிற்கவில்லை. 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் ஊட்டிக்கும் வந்துசேர்ந்த நம் மலை ரயிலின் பல்சக்கர முறையை வகுத்த ரோமன் அப்ட் ஒரு சுவிஸ்காரர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு ஏறும் ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்களில் பழையவையும் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவையே. அந்த ரயில் காலை ஏழு மணிக்கு மேல் கிளம்பி மதியம்தான் ஊட்டியைத் தொடுகிறது. ஜுங்ஃப்ராவில் சாதாரண ஓட்டக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் நேரமும் ஐந்து, ஆறு மணிதான். நியூசிலாந்தின் ஜோனதன் வயட் மட்டும் 2003-இல், பழைய பாதையில், 2 மணி 49 நிமிடத்தில் முடித்தார். நம் ரயில் தோற்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

உயரத்தைப் பற்றிய பயமும் இங்கே தேவையில்லை. 2,320 மீட்டர் என்பது ஊட்டிக்குச் சற்று மேல், தொட்டபெட்டாவுக்குக் கீழ். ஊட்டியில் கோடை விழாவுக்குப் போய்ப் படியேறி மூச்சு வாங்கியிருப்பீர்களே, அந்த அளவுதான். ஜுங்ஃப்ராவில் மனிதர்களை வீழ்த்துவது காற்றில் ஆக்ஸிஜன் குறைவதல்ல, ஏறிப் பழகாத கால்.

கால் எங்கே பழகும்?

பொங்கலூரிலிருந்து ஒருவர் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். செப்டம்பர் ஓட்டத்துக்கு உச்சகட்டப் பயிற்சி ஜூன், ஜூலை, ஆகஸ்டில் வரும். நமக்கு ஆனி, ஆடி. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று காற்றாலைகளைச் சுழற்றும் காலம். மேற்கே பார்த்து ஓடினால் ஆளைப் பின்னுக்குத் தள்ளும். மேடே இல்லாத ஊரில் இயற்கை தரும் மேடு அது, பயன்படுத்திக்கொள்ள வேண்டும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) வாய்க்கால் கரையில் மண்பாதை கிடைக்கிறது. தார் ரோட்டைவிட முழங்காலுக்கு அது நல்லது. கறிக்கோழி லாரிகளுக்கும் தெருநாய்களுக்கும் வழிவிட்டு ஓடத் தெரிந்திருந்தால் போதும்.

ஆனால் காற்று ஏற்றத்துக்கு முழு ஈடாகாது. அதற்குக் குன்றுகளைத் தேடத்தான் வேண்டும். அலகுமலையில் தொடங்கலாம். வாரக் கடைசியில் சிவன்மலை, சென்னிமலை. சென்னிமலைக்கு 1,320 படிகள் என்பது வழக்கமான கணக்கு. ஒரு படிக்கு அரை அடி என்று வைத்தால் ஒருமுறை ஏறுவது சுமார் 200 மீட்டர். ஜுங்ஃப்ராவின் ஏற்றத்துக்கு அதைப்போல் ஒன்பது, பத்து முறை ஏற வேண்டும். முதல் வாரமே யாரும் அதற்கு முயல வேண்டாம். மாதங்கள் எடுத்து இரண்டு, மூன்று, ஐந்து என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். இன்னொரு சங்கடம்: கோயில் படியில் ஷூ போட்டு ஏறினால் பக்தர்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்கூட. ஷூவோடு ஓடுகிறவர்கள் வாகனம் போகும் தார்ச்சாலையில் ஏறட்டும். படியில் ஏற விரும்புகிறவர்கள் வெறுங்காலோடு நடந்து ஏறட்டும். வேகமாக நடந்து ஏறுவது, மேலே சொன்ன வெங்கன் வளைவுகளுக்கு ஓடுவதைவிட நல்ல பயிற்சி.

கொங்கு நாட்டுக்காரனுக்கு நெடுந்தூரம் புதிது என்று யாரும் சொல்லிவிட முடியாது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து இந்தப் பகுதியிலிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் எழுபது கிலோமீட்டர்போல் நடந்துவிட்டு, அதன்பின் மலையும் ஏறுகிறார்கள். அறுபது வயது அம்மாக்கள் தாராபுரம் ரோட்டில் வெறுங்காலோடு போவதைப் பார்த்தவர்கள், நாலு மாதம் பயிற்சி எடுத்தும் தயங்கும் இளைஞனிடம் அனுதாபம் காட்ட மாட்டார்கள். காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வது, எங்கே உட்கார்ந்தால் மறுபடி எழ முடியாது, வயிற்றுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்பதெல்லாம் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

பெரிய மலைக்கு வெள்ளியங்கிரி இருக்கிறது. பிப்ரவரி முதல் மே வரை வனத்துறை பக்தர்களை அனுமதிக்கிறது. பூண்டி அடிவாரத்திலிருந்து ஏழு மலை. இரவில் ஏறி விடியலில் உச்சி. கால், மூச்சு, மனம் மூன்றையும் ஒரே இரவில் சோதித்துவிடும். 2024-இல் அங்கே ஏறியவர்களில் சிலர் மாரடைப்பாலும் மூச்சுத்திணறலாலும் இறந்தார்கள். இதய நோய் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டது. பயிற்சி இல்லாமல், நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று கிளம்புகிறவர்களை மலை வேறுபாடு பார்க்காமல் தண்டிக்கிறது. அது வெள்ளியங்கிரியானாலும் சரி, ஆல்ப்ஸானாலும் சரி.

பேட்லாக் தையலின் மதிப்பு

இப்போது அந்த டெய்லரிடம் வருவோம். மலை ஓட்டத்தில் உடை அலங்காரமில்லை; உயிர் சமாசாரம். திருப்பூருக்கு இதை விளக்கத் தேவையில்லாமல் இருக்க வேண்டும். ஆனால் உள்ளூர் ஓட்டக்காரர்களிலேயே பாதிப் பேர் இன்னும் காட்டன் டி-ஷர்ட்டில் ஓடுகிறார்கள்.

திருப்பூர் பேர் வாங்கியது பருத்தியில். பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரணக் காற்றிலேயே அதன் எடையில் எட்டரை சதவீதம் ஈரம் தங்கும் என்பது ஜவுளித் துறையின் அடிப்படைக் கணக்கு. பாலியஸ்டருக்கு அது 0.4 சதவீதம்தான். மே மாத வெயிலில் பொங்கலூரில் ஓடும்போது பருத்தி நனைந்து ஒட்டுவது எரிச்சல், அவ்வளவே. 2,000 மீட்டருக்கு மேல், வியர்வையில் நனைந்த பருத்தியோடு குளிர்காற்றில் நின்றால் உடம்பின் சூட்டை அது உறிஞ்சி எடுத்துவிடும். அதனால்தான் மலையில் ஓடுகிறவர்கள் பாலியஸ்டர் அல்லது மெல்லிய மெரினோ கம்பளி அணிகிறார்கள். மேலே காற்றையும் மழையையும் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட்டைச் சுருட்டி இடுப்பில் வைத்துக்கொள்கிறார்கள்.

துணிக்கு அடுத்தது தையல். அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஓவர்லாக்கில் அடித்த தையல் உள்பக்கம் வரப்பு மாதிரி தடித்து நிற்கும். பத்து கிலோமீட்டர் வரை தெரியாது. முப்பதாவது கிலோமீட்டரில் அந்த வரப்பு தோலை அறுக்கும். வியர்வையின் உப்பு அதில் இறங்கும்போது தெரியும் வலி. அதே இடத்தை பேட்லாக்கில் தட்டையாக அடித்திருந்தால் தொந்தரவில்லை. ஒரு பீஸுக்கு ஆகும் கூடுதல் கூலி சொற்பம். அதை மிச்சம் பிடித்த டி-ஷர்ட்டை ஓட்டக்காரன் இரண்டாம் முறை வாங்க மாட்டான். ஓடுவதற்கான டி-ஷர்ட்டை வாங்கும்போது நம்மூர்க்காரர்கள் பிராண்டு பெயரைப் பார்க்காமல், உள்பக்கத்தைத் திருப்பித் தையலைத் தடவிப் பார்க்க வேண்டும். திருப்பூரில் பிறந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியிருப்பதே கொஞ்சம் வேடிக்கைதான். செயற்கை இழை ஆடைகள் உள்ளிட்ட ஜவுளிக்காக மத்திய அரசு 2021-இல் 10,683 கோடி ரூபாய் உற்பத்தி ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. விளையாட்டு உடைக்கு உலகில் உள்ள சந்தையைக் கைப்பற்ற வேண்டும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். முதலாளிகளில் நாலு பேர் அந்த உடையைப் போட்டு மலை ஏறிவிட்டு வந்து பேட்டர்ன் போடச் சொன்னால், சாம்பிள் முதல் தடவையிலேயே சரியாக வரும் என்பது என் கட்சி.

உடையை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் மறக்காத ஓர் உதாரணம் இருக்கிறது. 2021 மே 22. சீனாவின் கான்சூ மாகாணத்தில், மஞ்சள் நதிக்கரைப் பாறைக்காட்டில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம். 172 பேர் கிளம்பினார்கள். பெரும்பாலானோர் அரை டிரவுசர், டி-ஷர்ட்டில். மதியம் மலையின் உயரமான பகுதியில் சூறைக்காற்று, ஆலங்கட்டி, உறைய வைக்கும் மழை. உடம்புச் சூடு இறங்கி 21 பேர் செத்துப்போனார்கள். சீனாவின் மிகச் சிறந்த நெடுந்தூர ஓட்டக்காரர்களில் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களில் ஒருவர். அவ்வளவு பெரிய வீரருக்கே அந்தக் கதி. அன்று ஆறு பேரைக் காப்பாற்றியது மீட்புப் படை அல்ல. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், குகையில் தீ மூட்டி, தன்னிடமிருந்த போர்வைகளால் அவர்களைப் போர்த்திக் காப்பாற்றினார். நல்ல மலை ஓட்டங்களில் ஜாக்கெட்டைக் கட்டாயப் பொருளாக வைத்து, தொடக்கத்தில் பையைத் திறந்து பார்ப்பது ஏன் என்பது இதிலிருந்து புரியும். ‘ஒரு பனியனுக்கு இவ்வளவு ரூல்ஸா’ என்று முனகுகிறவர்கள் வீட்டிலேயே இருப்பது நல்லது.

பக்கத்திலேயே ஒரு வெளிநாடு

ஐரோப்பா கைக்கு எட்டாதென்றால் நேபாளம் இருக்கிறது. 1953 மே 29-இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டைத் தொட்டார்கள். அந்த நாளின் பொன்விழாவான 2003 முதல், மே 29 அன்று எவரெஸ்ட் அடிவார முகாமிலிருந்து ஒரு மாரத்தான் நடக்கிறது. தொடக்கம் 5,364 மீட்டரில், கும்பு பனியாற்றின் மேல். முடிவு 3,440 மீட்டரில், நாம்சே பஜாரில். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி, 2023-இல் எவரெஸ்ட் ஏறிய முதல் தமிழகப் பெண்ணாகத் திரும்பிவந்தபோது நம் பத்திரிகைகளில் அடிபட்ட அதே ஊர்கள்தான் ஓட்டப் பாதையிலும் வருகின்றன: கோரக்ஷெப், லோபுச்சே, டிங்போச்சே, தெங்போச்சே. இந்தியர்களுக்கு விசா வேண்டாம். பாஸ்போர்ட் இல்லாவிட்டால் வாக்காளர் அட்டை போதும்.

மேலிருந்து கீழே இறங்கும் ஓட்டம்தானே, சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. ஜுங்ஃப்ராவில் கால் என்றால், இங்கே மூச்சு. 5,300 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிக்குச் சற்றுதான் மேல். அதனால் ஓடுவதற்கு முன் லுக்லாவிலிருந்து நாள்கணக்கில் மெல்ல நடந்து மேலே போக வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டினால், தூங்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது, மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை ஓய்வு வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்த விதி. தலைவலியை மறைத்துக்கொண்டு நடந்தவர்களுக்கு நுரையீரலிலும் மூளையிலும் நீர் கோர்த்து உயிர் போயிருக்கிறது. இறங்கும்போது வேறு சிக்கல். ஒவ்வோர் அடியிலும் உடம்பின் எடையைப் பிடித்து நிறுத்துவது தொடைத் தசை. சமவெளிக்காரர்களுக்கு அந்தத் தசை பழகியிருக்காது. மறுநாள் கழிவறையில் உட்கார்ந்து எழ முடியாது என்று அனுபவஸ்தர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். பெரும்பாலும் நேபாள வீரர்களே வெல்கிறார்கள். அந்தப் பாதையில் சுமை தூக்கி வளர்ந்தவர்களோடு போட்டி போடுவதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம், முடித்தால் போதும்.

மே மாதக் கடைசியில் பொங்கலூர் கொதிக்கும். அங்கிருந்து பனியாற்றின் மேல் கூடாரத்தில் தூங்கப் போகிறவர்கள் கூடுதல் நாட்களை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். லுக்லா விமானங்கள் மேகம் சூழ்ந்தால் பறக்காது. சீசனில் பல விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதில் ராமேசாப்பிலிருந்து கிளம்புகின்றன. அதற்கே நள்ளிரவில் கார் ஏற வேண்டும். காப்பீடு எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை, ஹெலிகாப்டர் செலவு உண்டா, ஓட்டப் பந்தயம் சேருமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணச் சுற்றுலாக் காப்பீடுகள் பல, சாகச விளையாட்டை ஒதுக்கிவிடுகின்றன. இது தெரியாமல் போனவர்களின் வீட்டில்தான் ஹெலிகாப்டர் பில் வந்து இடியாய் இறங்குகிறது.

சுவிட்சர்லாந்து விவகாரம் வேறு மாதிரி. ஷெங்கன் விசா வேண்டும். 2024 ஜூன் முதல் கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி நேரத்துக்கு விட்டால் கோடையில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்காமல் திண்டாட வேண்டியதுதான். விமானம், தங்கல், ரயில், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் ஆளுக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டிவிடும். இன்டர்லாக்கனில் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலையை ரூபாயில் மாற்றிப் பார்த்தால் பசி போய்விடும் என்பதால் மாற்றிப் பார்க்காமலிருப்பது நல்லது. சோற்றுக்கும் சாமிக்கும் பஞ்சமில்லை. இன்டர்லாக்கனிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்தில் பெர்ன் நகரம். அங்கே பல சமயங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் கட்டடத்தில் ஈழத்தமிழர்கள் எழுப்பிய கோயில் இருக்கிறது, அர்ச்சனை தமிழில். சுவிஸ் உணவகச் சமையலறைகளில் தமிழ்க் குரல் கேட்பதும் அங்கே சாதாரணம். ஓட்டப் பாதையில் தரும் சூப்பு பெரும்பாலும் பாக்கெட் தூளில் கரைத்தது. சைவக்காரர்கள் கேட்டுக் குடிக்க வேண்டும். கையில் கடலை மிட்டாய் இருந்தால் அந்தக் கவலையும் இல்லை.

நம்மூர் மலையில் ஏன் இல்லை?

இரண்டு லட்சம் செலவழித்துப் போகிறவர் அங்கே வாங்குவது எதை? பனிச் சிகரங்களை மட்டுமல்ல. போக்குவரத்தை நிறுத்திய பாதை, சீரான இடைவெளியில் தண்ணீரும் மருத்துவ உதவியும், பார்வையாளர்களை மேலே ஏற்றி, ஓடி முடித்தவர்களைக் கீழே இறக்கும் பல்சக்கர ரயில், தன் வீட்டுக் கல்யாணம்போல் வாசலில் நிற்கும் கிராமம். மலை நமக்கும் இருக்கிறது. பல்சக்கர ரயில்கூட இருக்கிறது. ஏற்பாடு இல்லை.

நீலகிரியில் அதைச் செய்வது எளிதல்ல என்பதும் உண்மை. கல்லாறு யானைகள் நடமாடும் இடம். மலைப்பாதையில் வாரக் கடைசி வாகன நெரிசலைத் தாங்க முடியாமல், உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் 2024 மே 7 முதல் இ-பாஸ் வைக்க வேண்டிய நிலை வந்தது. மழைக்காலத்தில் மண் சரியும். ஆயிரக்கணக்கானவர்களைக் காட்டுக்குள் விட்டு பிளாஸ்டிக் கோப்பைகளை இறைக்கும் ‘ஈவென்ட்’ ஒன்றை நடத்துவதைவிட நடத்தாமல் இருப்பது மேல். ஆனால் ஆண்டுக்கு ஒரு ஞாயிறு, சில நூறு பேருக்கு மட்டும், விடிந்தபின் தொடங்கி, போக்குவரத்தை நிறுத்திய ஒரு மலைச்சாலையில், வனத்துறையும் ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியாத காரியமில்லை. சுவிட்சர்லாந்துக்காரர்கள் 1993-இல் தொடங்கியதும் ஒரு பழைய பல்சக்கர ரயிலை நம்பித்தான். வெங்கன் வழியாக அந்த ரயில் 1893 முதல் ஓடுகிறது. அப்படி ஒரு நாள் வரும்போது, பந்தயத்தை முடித்தவர்களுக்குத் தரும் டி-ஷர்ட்டைத் திருப்பூரில் அடித்துக்கொள்ளலாம், பேட்லாக் தையலில். அதை அடிக்கும் டெய்லருக்கும் அங்கே போய் ஓடுவதற்கு பஸ் டிக்கெட் போதும், விசா வேண்டாம்.

அதுவரை போகிறவர்கள் போகட்டும். அடுத்த செப்டம்பரில் ஆல்ப்ஸ் என்று மனதில் போட்டிருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முழு மாரத்தான் ஒன்றையாவது உள்ளூரில் முடித்திருங்கள். பந்தயத்துக்கென்று வாங்கிய புது ஷூவைப் பந்தயத்தன்று போடாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ உள்ளவர்கள், பதிவுக் கட்டணம் கட்டும் முன் டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி.யும் டிரெட்மில் டெஸ்டும் எடுத்துவிடுங்கள். விமான டிக்கெட்டுக்கு விசா கிடைத்த பிறகு பணம் கட்டுங்கள்.